சகலை வண்டிக்குப் போட்ட பூட்டு

ரெண்டு பூட்டுன்னு நான் சொன்னேன்னா என் சகலை சொன்னான்? அவன் வாயாலயே சொன்னானா? சரி விடுங்க, போட்டுடலாம். உங்க வேனோட பின்கதவுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. பக்கத்துல தள்ளித் தொறக்குற கதவுக்கும் அதே மாதிரி ரெண்டு. நீங்க உக்காருங்க தம்பி. அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கவுத்துப் போட்டுக்கோங்க. தலைக்கு மேல ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது.

குழாய் வேலைதானே உங்களுக்கு? கேட்கவே வேணாம், கதவைத் தொறந்ததும் பைப்பு ஒட்டுற பசை வாசனை மூக்கைத் துளைக்குது. எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு, கோவிச்சுக்காதீங்க, என் வண்டியும் இதே கதிதான். வேலை செய்யிறவன் வண்டி வேற எப்படி இருக்கும்? அவன் ஒருத்தன் வண்டியைத் தவிர.

ஆமா, என் சகலைதான். என் வீட்டுக்காரியோட தங்கச்சியைக் கட்டினவன். தச்சு வேலை. அலமாரி, கதவு, கட்டில், எதைக் கொடுத்தாலும் செய்வான். இப்போ உங்க சைட்டுலதான் இருக்கானா? வேற ஒருத்தருக்குக் கீழயா? மிஷின் எல்லாம் இரவல் வாங்கியா செய்யிறான்? அடக் கடவுளே. அதை எங்கிட்ட சொல்லவே இல்லையே.

என்னைப் பத்தி வேற என்ன சொன்னான்? அண்ணன் கையால பூட்டு மாட்டினா கவலையே பட வேணாம்னா? பார்த்தீங்களா, இதுதான். இதுக்குத்தான் தம்பி எனக்கு வயிறு பத்தி எரியுது. சிரிக்காதீங்க. மனுஷன் நல்லவனா இருக்கட்டும், வேணாங்கல. அதுக்குன்னு ஒரு அளவு வேணாமா?

ஒரு நிமிஷம், டேப்பு ஒட்டிக்கிறேன். பெயிண்ட் உரியக் கூடாது பாருங்க. வண்டியோட கம்பெனியில இருந்து வர்ற பூட்டு இருக்கே, அது சும்மா மரியாதைக்கு. ஒரு ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினா கையோட வந்துடும். நாம போடுறது தனிச் சாவி, தனி நாக்கு. கதவைச் சாத்திட்டு கையால ஒரு சுத்து சுத்தணும். சோம்பேறித்தனம் பார்த்தீங்கன்னா பூட்டு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

எதுல விட்டேன்? ஆங், சகலை. நான்தான் அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. அவன் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே நான் வந்தாச்சு. அந்த ஆறு வருஷமும் மாமனாருக்கு எல்லாத்துக்கும் நான்தான். மூக்குக் கண்ணாடி காணோம்னா எனக்குத்தான் போன். அப்புறம் இவன் வந்தான். வந்து ஒண்ணும் பெருசாப் பண்ணல, சும்மா உக்காந்து மாமனார் சொல்ற ஜோக்குக்குச் சிரிச்சான். அந்த மனுஷன் ஒரே ஜோக்கை ஒரே மத்தியானத்துல ரெண்டு தடவை சொல்லுவாரு. எனக்கு முதல் தடவையே கொட்டாவி வந்துடும். இவன் ரெண்டாவது தடவையும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். நடிப்பா இருந்தாக்கூட போனாப் போகுதுன்னு விட்டிருப்பேன். நிஜமாவே சிரிக்கிறான் தம்பி!

இப்போ அங்க போனா என்ன நிலைமைன்னா, மாமியாரோட பீரோ சாவி சுத்தலன்னு நான் தரையில மண்டி போட்டுக்கிட்டு இருப்பேன். அவன் ஃபேனுக்கு நேரா நாற்காலியில ரெண்டாவது டீ குடிச்சுக்கிட்டு இருப்பான். அதுலயும் சும்மா இருக்க மாட்டான், அண்ணே டார்ச் பிடிக்கட்டுமான்னு எழுந்து வருவான். உடனே மாமியார், நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, அவர் பார்த்துப்பாரும்பாங்க. அவன் மாப்பிள்ளை. நான் அவர்.

ட்ரில் போடப் போறேன், காதைப் பொத்திக்கோங்க.

ஆச்சு, முதல் ஓட்டை. பிசிறை அரத்தால தேய்ச்சு, ஓரத்துல கொஞ்சம் பெயிண்ட் தடவி விட்டுடணும், இல்லன்னா துரு ஏறிடும். கிட்ட வந்து பார்க்கிறதுன்னா பாருங்க.

மாமனார் வீடு போகட்டும், அதைக்கூடத் தாங்கிக்கலாம். எனக்கு ஒரே பொண்ணு. படிக்க மேசை வேணும்னா. கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நாலு காலு, மேல ஒரு பலகை, மேசைதானே? ரெண்டே நாள்ல ஆட ஆரம்பிச்சுடுச்சு. அட்டையை மடிச்சுக் காலுக்கு அடியில சொருகி வச்சேன். இவன் வந்தான், குனிஞ்சு அந்த அட்டையைப் பார்த்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை புது மேசையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறான். அவ உயரத்துக்கு அளவா. அவளுக்கு இடது கைப் பழக்கம். அதுக்கேத்த மாதிரி இழுப்பறை இடது பக்கம், விளக்கு மாட்டுறதுக்குக் கட்டை வலது பக்கம். அவ இடது கையால எழுதுறான்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன். ஆனா மேசைக்கும் கைக்கும் ஒரு சம்பந்தம் இருக்குன்னு என் மண்டைக்குத் தோணல பாருங்க. என் பொண்ணு அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு சித்தப்பா சித்தப்பான்னு குதிக்கிறா. நான் வாங்கின மேசை இப்போ மாடிப்படிக்குக் கீழ இருக்கு, அதுமேல செருப்பு வைக்கிறாங்க.

என் வீட்டுக்காரி இருக்காளே, அவ ஒரு நாள்கூட என்னைக் குறைச்சுப் பேச மாட்டா. தங்கச்சி வீட்டுக்காரரைப் பாருங்களேன்னு ஆரம்பிப்பா, அவ்வளவுதான். மீதியை நானே ரொப்பிக்குவேன்.

ரெண்டு மாசம் முன்னாடி புது வண்டி வாங்கினான். நேரா மாமனார் வீட்டுக்குப் போய்க் காட்டிட்டு, அடுத்தது இங்கதான் வந்தான். அண்ணே, உங்க கையால ஒரு பூட்டுப் போட்டுக் கொடுங்க, அப்புறம்தான் சாமானை ஏத்துவேன்னான். சாமான் ஏத்தலன்னானே ஒழிய உள்ள அலமாரி எல்லாம் அடிச்சு முடிச்சிருந்தான். ஐயோ, நீங்க பார்த்திருக்கணும்! ஒவ்வொரு உளிக்கும் ஒரு பள்ளம். ஒவ்வொரு மிஷினுக்கும் அதே வடிவத்துல ஒரு குழி, உள்ள கம்பளித் துணி ஒட்டி. கண்ணைக் கட்டிவிட்டாலும் கையை நீட்டி எடுத்துடலாம். நான் அந்தக் கதவுல நின்னுக்கிட்டு, நல்லா இருக்கேன்னு சொல்லலாம்னு பார்க்கிறேன், வாயில வரல. வெயிட்டு ஜாஸ்தியாச்சே, மைலேஜ் குறையுமேன்னேன். ஆமாண்ணே, நீங்க சொல்றதும் சரிதான்னான்.

அப்புறம் என்னவா? அப்புறம்தான் திருட்டு. பதினோரு நாள் கழிச்சு, பட்டப்பகல்ல. இவன் மூணாவது மாடியில அலமாரி மாட்டிக்கிட்டு இருக்கான், வண்டி கீழ தெருவுல நிக்குது. கடப்பாரையோட ரெண்டு பேர் வந்திருக்கானுங்க. எதிர்க் கடையில கேமரா இருந்துச்சு, நானும் போய்ப் பார்த்தேன். முழுசா ஒரு நிமிஷம்கூட ஆகல. அந்தக் குழிங்கள்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து நீட்டுறான் ஒருத்தன், இன்னொருத்தன் வாங்கி அடுக்குறான். பன்னெண்டு வருஷமா சேர்த்த சாமான். மறுநாள் ஒரு ஓட்டல்ல இருபத்தெட்டு ரூமுக்கு வேலை ஆரம்பிக்கணும். வெறும் கையோட போய் எப்படி நிக்கிறது? அது வேற ஆளுக்குப் போயிடுச்சு. என் மச்சினி மூணு நாள் அழுதா.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்காதீங்க. சந்தோஷமான்னா கேட்டீங்க? கேட்டுட்டீங்களே. கேமராவுல பார்க்கிறப்போ, முதல்ல ஒரு ரெண்டு வினாடி... ம். அப்புறம் மறுபடி போட வேணாம்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வேற எதையாவது பேசலாமே.

அந்த வாரம் மாமனார் வீட்டுல எல்லாரும் கூடினோம். நான் மூலையில உக்காந்திருந்தேன். மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க, இருபது வருஷ மாப்பிள்ளையைப் பார்க்கிற பார்வையே இல்ல அது. நீங்க போட்ட பூட்டுதானேன்னு கேட்டாரு. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள இவன் முந்திக்கிட்டான். மாமா, அண்ணன் அன்னைக்கே ரெண்டு பூட்டுப் போடணும்னு தலையால அடிச்சுக்கிட்டாரு, நான்தான் ஒண்ணு போதும்னு பிடிவாதம் பிடிச்சேன், அவர் மேல ஒரு தப்பும் இல்லைன்னான்.

நான் எங்க தம்பி சொன்னேன்? ரெண்டுன்னு நான் சொல்லவே இல்ல. அவனாச் சொன்னது அது. அன்னைக்கு அங்க சொன்னதை இப்போ ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்கான். அதைக் கேட்டுட்டுத்தான் நீங்களும் வந்து ரெண்டு பூட்டுன்னு கேட்கிறீங்க. இந்த மாசத்துல உங்களோட சேர்த்து ஏழு பேரு, எல்லாம் அவன் அனுப்பின ஆளுங்க. தொலைச்சவன் அவன், பொழப்பு எனக்கு நடக்குது. அன்னைக்கு மாமனார் வீட்டுல இருந்து என் வீட்டுக்காரி திரும்பி வர்ற வழியெல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தா. எவ்வளவு பெரிய மனசு பாருங்கன்னா. அதுலயும் அவன்தான் ஜெயிச்சான். சாமான் மொத்தமும் பறிகொடுத்துட்டு நிக்கிறப்பவும் அவனை என்னால முந்த முடியல.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு இங்க வந்தான். பஸ்ஸுல வந்தான், கையில ஒரு துணிப்பை. உள்ள என்னடான்னா நான் போட்ட பூட்டு. பிச்சு எடுத்துத் தெருவுல போட்டிருக்கானுங்க, அதோட ஒரு கை அகலத்துக்குக் கதவு ஷீட்டும் கிழிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பெஞ்சு மேல வச்சான். நீங்களே வச்சுக்கோங்கண்ணே, வேற யார் கைக்கும் இது போக வேணாம்னான். என் மூஞ்சியை அவன் பார்க்கல, டீயும் குடிக்கல, அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னுட்டான். ஏன் அப்படிச் சொன்னான்னா? சொல்றேன் இருங்க. அந்தச் சின்னப் பெட்டியை எடுங்க. அது இல்ல, பக்கத்துல.

இந்தாங்க, இந்த இரும்புத் தகடு. இதுதான் வேலையில முக்கியம், பாதிப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. உங்க கதவை விரலால தட்டிப் பாருங்க. பிஸ்கட் டப்பா மூடி மாதிரி சத்தம் வருதா? பூட்டு எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் அது பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இந்த மெல்லிசு ஷீட்டைத்தான். கடப்பாரையைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தா ஷீட்டோட கிழிஞ்சு வந்துடும். அதுக்குத்தான் உள்பக்கமா இந்தத் தகட்டை வச்சு, நாலு போல்ட்டுல முடுக்குறது. அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் கதவோட உள்பலகையை மாட்டி மூடிட்டா தகடு இருக்கா இல்லையான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மாட்டினவனுக்குத்தான் தெரியும்.

அன்னைக்கு அவன் வண்டிக்கு ஓட்டை போட்டு முடிச்சு, இதைக் கையில எடுத்துட்டேன். இவன் அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருக்கான். என் வீட்டுக்காரி டீ கொண்டு வந்து கொடுத்துட்டு அவளும் நிக்கிறா. அண்ணே, ஓட்டை ஒரு நூல் விலகியிருக்கோங்கிறான். ரொம்ப மெதுவாத்தான் சொன்னான், தப்பாச் சொல்லக் கூடாது. நான் முறைச்சேன். டேப்பை வச்சு அளந்து பார்த்தா, ஒரு நூல், இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, விலகித்தான் இருக்கு. இருபத்தோரு வருஷமா நான் பார்க்கிற வேலை தம்பி. அவன் தச்சன். வெறும் கண்ணால பார்த்துச் சொல்றான், என் வீட்டுக்காரி முன்னாடி. கொடுங்கண்ணே நான் தேய்ச்சுத் தர்றேன்னு அரத்தை வாங்கி, நாலே தேய்ப்புல சரி பண்ணிட்டான். என் வீட்டுக்காரி சொன்னா, பாருங்களேன், எதைத் தொட்டாலும் எப்படிக் கச்சிதமா வருதுன்னு.

சரிதான் போங்கன்னு ரெண்டு பேரையும் உள்ள போய் டீ குடிக்கச் சொன்னேன். அவங்க போனாங்க. பூட்டை மட்டும் ஷீட்டுல வச்சு முடுக்கினேன், உள்பலகையை மூடினேன், தகட்டைப் பெட்டியில போட்டுட்டேன்.

மறதி இல்ல. மறந்துட்டேன், மறந்துட்டேன்னு எனக்கே சொல்லிப் பார்த்துட்டேன், ஒப்பேறல. கிழிஞ்ச ஷீட்டைக் கையில எடுத்து ஒரு தடவை பின்னாடி திருப்பினா, தகடே வைக்கலன்னு எவனுக்கும் தெரியும். ஒரு நூலைக் கண்டுபிடிச்சவனுக்கா தெரியாது? தெரிஞ்சுதான் பையில போட்டு மூடிக் கொண்டாந்து கொடுத்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் கத்திச் சண்டை போட்டிருப்பேன். நாலு தடவை போன் பண்ணினேன், சொல்லிடலாம்னு. சொல்லுங்கண்ணேங்கிறான். அந்தக் குரலைக் கேட்டதும், அங்க மழையான்னு கேட்டுட்டு வச்சுடுறேன்.

நீங்க சாயங்காலம் சைட்டுல அவனைப் பார்ப்பீங்க. சொன்னாச் சொல்லிக்கோங்க, நான் தடுக்கல. ஏன் தம்பி எழுந்துட்டீங்க? தகட்டையா பார்க்கிறீங்க? பயப்படாதீங்க, புதுசுதான், எந்த வண்டியிலயும் ஏறினதில்ல. அவன் வண்டிக்குன்னு நான் எடுத்து வச்சது. உங்களுதுக்கும் அதே அளவுதான். கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, போல்ட்டை முடுக்கிடுறேன்.