மாற்றாமல் விட்ட கண்டன்சர்

இந்தப் பேனா நன்றாக எழுதுகிறது இன்ஸ்பெக்டர் ஸார். நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை எழுதியே தருகிறேன். வாயால் சொன்னால் பொழுது சாய்ந்துவிடும். வாசலில் நிற்கும் போலீஸ்காரரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிறவியிலேயே திக்குவாய். அதிலும் 'க' என்ற எழுத்து வந்தால் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும்.

என் பெயர் சின்னையன். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் வேலையில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் சென்னிமலைக்குக் கடலைக்காடும் தென்னந்தோப்பும் உண்டு. துபாயிலிருந்து வந்த மொய்தீனிடம் அவர் ஒரு ஸ்டீரியோ டேப்ரிக்கார்டர் செட் வாங்கினார். இரண்டு ஸ்பீக்கர், தகட்டு முகப்பு, தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. பார்க்க ஜோர்தான், ஆனால் அங்கே யாரோ பல வருஷம் ஓட்டிக் களைக்க வைத்த செட். கொஞ்ச நாளிலேயே இரைய ஆரம்பித்தது. என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

போனேன். அவர் மனைவி மருதாத்தாள் மோர் கொடுத்தாள். அவர் தங்கை செல்லாத்தாளும் விருந்துக்கு வந்திருந்தாள். செட்டுக்கு என்ன கோளாறு என்று சென்னிமலை கேட்டார். பழைய செட்டுகளில் முதலில் கெட்டுப்போவது கரண்டைத் தேக்கி வைக்கிற கண்டன்சர்தான். உள்ளே இருக்கிற ஈரம் காய்ந்து வற்றிவிடும். நான் சொல்ல வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். அது 'க'வில் ஆரம்பிக்கிற வார்த்தை. திக்கும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். என் காதிலும் எதுவும் விழாது. ஒருவழியாகச் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தபோது செட்டுக்குள் டேப் சுற்றிக்கொண்டிருந்தது. சென்னிமலை என் பேச்சைப் பதிவு செய்திருந்தார்.

மாரியம்மன் நோம்பியன்று கோயில் திருவிழா மைக்செட்டில் அந்த டேப்பைப் போட்டார். எனக்குப் பெண் கொடுக்க இருந்த பொள்ளாச்சிக்காரர்கள் அன்று நோம்பிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் மெதுவாக வரும் என்றுதான் தரகர் சொல்லி வைத்திருந்தார். அவர்கள் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்கள். அதிலிருந்து லாரி டிரைவர்கள்கூட என்னைக் 'கக்கண்டன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது ஸார். இப்போதும் எரிகிறது.

மழைக்காலம் முடிந்த பிறகு சென்னிமலையே செட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கூச்சம் என்பது மருந்துக்கும் இல்லை.

"ஏப்பா சின்னையா, சத்தம் கெணத்துக்குள்ளாற இருந்து வர்றாப்பல இருக்குது. அல்லாத்தையும் மாத்திப்போடு. எங்கூட்டுக்காரிக்குக் காலையில மாட்டுக் கட்டுத்தரையில பாட்டுப் பாடோணும், இல்லீன்னா பால் பீச்ச மாட்டேங்கறா. உள்ள டேப் கெடக்குது, அதையே போட்டுப் பாத்துக்க."

கோயமுத்தூரிலிருந்து நல்ல கண்டன்சர்களாகத் தருவித்தேன். பழசை ஒவ்வொன்றாக எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்துப் புதுசைப் பற்றவைத்தேன். கோபத்தோடு செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு அந்த டேப்பையே போட்டேன். அவ்வளவு துல்லியம். டம்ளரைக் கீழே வைத்த சத்தம்கூடக் கேட்டது. நான் திக்குவது கேட்டது. அதன் மேல் ஒரு பெண் சிரித்தாள், அடிவயிற்றிலிருந்து, ஆனந்தமாக. செட் இரைந்துகொண்டிருந்த காலத்தில் அந்தச் சிரிப்பு அமுங்கிக் கிடந்திருக்கிறது. அந்த இடத்திலேயே அணைத்துவிட்டேன். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

சிரித்தது மருதாத்தாள்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மோர் கொடுத்த கை அது ஸார். அந்த வீட்டில் அவள் ஒருத்தியாவது என்னை மனுஷனாகப் பார்த்தாள் என்று அத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னிமலை முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள். அப்படிப்பட்டவரை மன்னித்துவிடலாம். பாவப்படுகிற மாதிரி நடித்துவிட்டு, நான் கண்ணை மூடியதும் சிரிக்கிறவளை என்ன செய்வது?

கரண்ட் வயர் செட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கண்டன்சர் உண்டு. அது கெட்டால் பாட்டில் ஒரு குறையும் தெரியாது, ஆனால் முகப்புத் தகட்டில் கரண்ட் இறங்கும். அதை மட்டும் நான் மாற்றவில்லை. மாற்றவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. அதில் இருந்தது நல்ல நிலையில்தான் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, என் டப்பாவில் கிடந்தவற்றில் மிகவும் கெட்டுப்போன ஒன்றைத் தேடி எடுத்து அங்கே வைத்தேன்.

சென்னிமலை அந்தச் செட்டைத் தொடுவது சாயங்காலத்தில், செருப்புக் காலோடு. காலையில் தொடுகிறவள் அவள்தான், கழுவிவிட்ட கட்டுத்தரையில், வெறுங்காலோடு. இது எனக்குத் தெரியும்.

மருதாத்தாள் கரண்ட் அடித்துச் செத்தாள். இழவு வீட்டுக்குப் போனேன். சென்னிமலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுத்தரையில் வயரிங் சரியில்லை என்று கரண்ட் ஆபீஸ்காரர்கள் சொன்னார்கள். உங்களுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. செட்டைத் திறந்து காட்டச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். நானே திறந்து அந்தக் கண்டன்சரைக் காட்டினேன். மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. செய்தது நியாயம் என்று நம்புகிறவன் எதற்கு மறைக்க வேண்டும்?

அதன் பிறகுதான் நீங்கள் அந்த டேப்பை ஓட விட்டீர்கள். நான் அணைத்த இடத்தில் நீங்கள் அணைக்கவில்லை. சிரிப்பு முடிவதற்குள் இன்னொரு குரல் வந்தது.

"ஏனுங்க, அத நிறுத்துங்க. செல்லாத்தா, நீ எதுக்குச் சிரிக்கறே? பாவம், அந்தண்ணன் சொல்லி முடிக்கட்டும்."

நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினீர்கள். சிரித்தது தான்தான் என்று செல்லாத்தாளே அழுதுகொண்டு சொல்லிவிட்டதாகவும் சொன்னீர்கள். சாவு விழுந்த வீட்டில் யாரும் எதையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். டேப்பில் குரலெல்லாம் மாறித்தான் கேட்கும். இது என் தொழில், எனக்குத் தெரியும். சிரித்தவள் மருதாத்தாள்தான் ஸார். நிறுத்தச் சொன்னது வேறு யாரோ.