நாலு விரல் மேலே

மத்தியானம் இரண்டே முக்கால் மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்குத்தான் வர வேண்டும் என்று அதற்கு யாராவது உத்தரவு போட்டிருக்கிறார்களா என்ன? வெயில் கொளுத்துகிறது. ஓடையிலிருந்து குதிரை லாயத்துக்கு வரும் மண்பாதை. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். ஈ, காக்கை இல்லை...

அந்தப் பாதையில் ஒரு பெண்குதிரை தானாக நடந்து வந்தது. முதுகில் ஆள் இல்லை. பின்னால்... எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, லாரி லைட்டையாவது போட்டுட்டுச் சொல்லுங்கண்ணே."

"பேட்டரி தீர்ந்தா நீ தள்ளுவியா? மழை விடுற வரைக்கும் பேசாம உக்காரு. பயந்தவன் பின்னாடி குதிரைங்களோட போய்ப் படுத்துக்கலாம்."

ஒருவனும் இறங்கவில்லை. சரி, கேளுங்கள்.

இது என் சகலைக்குத் தெரிந்த ஒருவன் வீட்டில் நடந்தது. லாடம் அடிக்கிறவன். லாடக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவனுடைய அக்கா அந்த லாயத்தில் குதிரைகளைத் தேய்த்துச் சீவிச் சுத்தம் பண்ணுகிறவள். அக்கா புருஷன் அங்கேயே குதிரை பழக்குகிறவன். ஆழமான ஓடையைக் கடக்கும்போது குதிரையை முன்னால் விட்டு, வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். உங்களுக்குத் தெரியாததா. வாலைக் கையில் பிடிக்கலாம். கையில் சுற்றக் கூடாது. அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த மனிதனே அன்றைக்கு மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். குதிரை இழுத்துக்கொண்டு வந்தது அவனைத்தான். யானைக்கும் அடி சறுக்கும். ஓடையிலேயே மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர்.

எல்லாரும் கத்திரிக்கோலைக் கொண்டா, வாலை வெட்டு என்று கத்தினார்கள். அக்கா மட்டும், "வேண்டாம், ரெண்டு பேருக்கும் வலிக்கும்" என்றாளாம்.

தரையில் உட்கார்ந்தாள். விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டாள். சிக்குக்கு மேலே இடது கையால் இறுக்கிப் பிடித்தாள், இழுப்பு வேருக்குப் போகாமல். நுனியிலிருந்து ஒவ்வொரு மயிராகப் பிரித்தாள். இரண்டு மணி நேரம். ஒரு மயிர்கூட அறவில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

அதற்குப் பிறகும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். கொதிக்கிற டீயைக் குடித்து நாக்கு வெந்துபோனது, மறுநாள் தம்பி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மரத்துப் போயிருந்தாள்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள், அதே இரண்டே முக்கால். காலையில் சீவிவிட்ட வாலின் நுனியில் ஒரு சிக்கு. ஈரமாக இருந்தது. ஓடைச் சேற்று வாடை. குதிரையோ அன்று முழுக்கக் கட்டின இடத்தைவிட்டு நகரவே இல்லை. அக்கா பிரித்தாள். மறுநாள் மறுபடியும்... நாலு விரல் மேலே. அதற்கு மறுநாள் இன்னும் நாலு விரல் மேலே. சிக்கின் ஒரு பக்கம் நாலு மடிப்பு, எதிர்ப்பக்கம் ஒன்று. கை பிடித்த அச்சு.

லாடக்காரன் இரண்டடி பின்னால் போனான். அக்கா பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஏறி வர்றாருடா. நான் பிரிச்சு விட்டாத்தானே அடுத்த பிடி பிடிக்க முடியும்? வெட்டிட்டா திரும்பத் தண்ணிக்குள்ளேயே போயிருவாரு." மறுபடி விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, "இதைப் பிரிக்கிறப்ப மட்டுந்தான் எனக்கு விரல் இருக்கிறதே தெரியுது" என்றாள்.

இவன் சும்மா இருந்திருக்கலாம். தம்பி பாசம், கேட்கவில்லை. அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயம். சிக்கு வாலின் அடிவரைக்கும் ஏறிவிட்ட அன்று, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கத்திரிக்கோலை எடுத்தான். கரக்... கரக்... கரக். குதிரை கனைக்கவில்லை. திரும்பிப் பார்த்ததோடு சரி. அப்போது ஓடையில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம். ஓடை அரை மைலுக்கு அப்பால் இருக்கிறது. கேட்டது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறான்.

அக்கா வந்து பார்த்தாள். திட்டவில்லை. கீழே கிடந்த மயிரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "நல்லா இருடா" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு வாலில் ஒன்றும் இல்லை. "அப்பாடா, விட்டது சனி" என்று லாடக்காரன் வீட்டுக்குப் போனான். அக்கா கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூந்தல் அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கியது. நுனி ஈரமாக இருந்தது.

"சீப்பை எடு. நுனியிலேர்ந்து ஆரம்பி. சிக்குக்கு மேல பிடிச்சுக்க, வலிக்காது."

பிரித்தான். வேறென்ன செய்வான், வெட்டின கையாயிற்றே. தினமும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தான். இடுப்பு... நடு முதுகு... பின்கழுத்து. கத்திரிக்கோல் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. தொடவில்லை. மாமா ஏறி வருகிறாரா, இல்லை அக்காவை ஓடைக்குள்ளே இழுக்கிறாரா? அவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை வெட்டினால் அக்காவும் சேர்ந்து போய்விடுவாளோ என்று பயந்தான்.

"அப்புறம்ணே?"

அப்புறம் என்ன. போன வியாழக்கிழமை என் சகலைக்கு அவனே போன் பண்ணினான். அன்றைக்கு முடியில் சிக்கே இல்லையாம். சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியதாம். சந்தேகப்பட்டு முடியை ஒதுக்கிப் பார்த்திருக்கிறான். அக்காவின் தோளில், சட்டை மேல் ஈரச் சேறு. நாலு விரல். துணி அந்த இடத்தில் மட்டும் அழுந்திக் கசங்கியிருந்தது... அவன் பார்க்கப் பார்க்க, இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

துடைக்கத் துண்டை எடுத்திருக்கிறான். அக்கா அவன் கையைத் தட்டிவிட்டாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். புருஷன் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாளாம்.

"விடுடா... பிடிச்சுக்கட்டும்."