இரண்டாவது கம்ப்யூட்டரின் அந்தரங்கம்

தர்மபுரி மாவட்டத்துக்குள் அந்தரங்கம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தவன் நான். இதை அடக்கமாகச் சொல்ல வழி தெரியவில்லை, அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு ரயில் வந்த தேதி, குழாயில் குடிதண்ணீர் வந்த தேதி எல்லாம் அரசாங்கத்திடம் இருக்கும். அந்தரங்கம் வந்த தேதி என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஜூன் மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால்.

இடம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மாது அண்ணனின் நெட் சென்டர். நான் ரஞ்சித்குமார். அதியமான்கோட்டை, பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். காலையில் கடையைத் திறப்பது நான். அண்ணன் சாவகாசமாகப் பத்தரைக்குத்தான் வருவார்.

கடையில் நாலு கம்ப்யூட்டர். வருகிறவர்களுக்கு மெயில் ஐடி திறந்து கொடுப்பதும் அண்ணன், பாஸ்வேர்டு வைப்பதும் அண்ணன், அதை மறப்பதும் அண்ணன். விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்டால் தன்னுடைய நம்பரையே போட்டுவிடுவார், ஓ.டி.பி. சீக்கிரம் வருமாம். லாக் அவுட் என்ற பொத்தானை எங்கள் கடையில் தொட்டவர் கிடையாது. வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டாவது கம்ப்யூட்டரில்தான் ஐடி திறந்தார். பதினோரு பேர் அதற்குள் வரிசையாகக் குடியிருந்தார்கள். அதனால் மலையில் ஒரு நம்பிக்கை பரவிவிட்டது, அவர்களுடைய மெயில் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும் என்று. மற்ற மூன்றும் காலியாக இருந்தாலும் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு இரண்டாவதுக்காகக் காத்திருப்பார்கள்.

"அண்ணா, எதுல வேணா பாக்கலாம்ங்கண்ணா" என்று நான் சொல்லாத நாளில்லை.

"வேணாந்தம்பி. கடுதாசி வேற வூட்டுக்குப் போயிருந்தா அப்புறம் யாரு தேடறது" என்பார்கள்.

இதைவிடக் கொடுமை, மாது அண்ணன் தினமும் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதினோரு பேரின் மெயிலையும் ஒன்றுவிடாமல் படிப்பார். படித்துவிட்டு மலைக்குப் போன் போடுவார். "யோவ் பச்சியப்பா, உன் மவனுக்கு வேலை நிரந்தரம் ஆயிருச்சாம்யா. ஸ்வீட்டோட வா." கடையில் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிறவர்களும் சேர்ந்து கை தட்டுவார்கள்.

நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடுத்தவன் கடிதத்தைப் படிக்கிறவனும் அடுத்தவன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவனும் ஒன்று என்றேன். காலேஜ் கையெழுத்துப் பத்திரிகையில் 'டீக்கடை உளவுத்துறை' என்று ஒரு கட்டுரையே எழுதினேன். அண்ணன் அதை வாங்கிச் சத்தமாக வாசித்து, லேமினேட் பண்ணிக் கடையிலேயே மாட்டிவிட்டார். அவரைத் திருத்த முடியாது.

சரி, ஜூன் ஆறுக்கு வருகிறேன்.

அன்று ஒன்பதே முக்காலுக்கு இரண்டாவது கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். சின்னன் அண்ணனின் மெயில் தானாகத் திறந்தது. நான் படிக்கவில்லை, கண்ணில் பட்டது. இரண்டு பக்கம் கண்ணில் பட்டது.

சின்னன் அண்ணன் வத்தல்மலையில் சாமை போடுகிறவர். செவ்வாய்க்கிழமை தோறும் மலை பஸ்ஸில் இறங்கி வருவார். அவர் மகள் சுமித்ரா ஓசூரில் ஒரு கம்பெனியில் நின்றபடியே எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறாள். உள்ளே போன் கூடாது. அதனால் அவளுடைய நர்சிங் விண்ணப்பத்தை அப்பா மெயிலில்தான் போட்டிருந்தார்கள். ஓர் அறக்கட்டளை, மாவட்டத்துக்கு ஒரே ஒரு பெண்ணை எடுத்து, படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் கொடுக்கிறது. சுமித்ராவுக்கு இதுதான் கடைசி வருஷம், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

அந்த ஓர் இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. பதின்மூன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். தவறினால் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போய்விடும். கீழே இன்னொரு வரியும் கண்ணில் பட்டது: 'தாங்கள் அளித்த எண்ணைத் தொடர்புகொள்ள இயலவில்லை.' அது மாது அண்ணனின் பழைய நம்பர். பிப்ரவரியிலேயே ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுவிட்டார்.

இன்னும் முக்கால் மணியில் அண்ணன் டீயோடு வருவார். வந்தால் படிப்பார். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் முன்னால் சத்தமாக வாசிப்பார். இதை எப்படி அனுமதிப்பது?

ப்ரவுசர் எப்போதும் அந்தரங்க முறையிலேயே திறக்க வேண்டுமென்றால் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. டெஸ்க்டாப்பில் அதன் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸுக்குப் போக வேண்டும். டார்கெட் என்ற கட்டத்தில் ஒரு நீளமான வரி இருக்கும். அதன் வாலில், ஓர் இடம் விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, இன்காக்னிட்டோ என்று ஆங்கிலத்தில் ஒட்ட வேண்டும். ஓகே. அதற்குப் பிறகு எப்போது திறந்தாலும் கறுப்புத் திரை, தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஓர் உருவம். யார் வந்தார்கள், யார் போனார்கள், எதுவும் அதற்கு ஞாபகம் இருக்காது. நாலு கம்ப்யூட்டரிலும் செய்தேன். ஒன்றில் மட்டும் செய்திருந்தால் பாரபட்சம் ஆகிவிடும்.

அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார்.

"டேய், எங்கடா எல்லாரும்?"

"சட்டம் வந்திருக்குங்கண்ணா. அடுத்தவங்க டேட்டாவை வெச்சிருந்தா அபராதம். கோடிக்கணக்குல."

"கோடியா?" டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் படிச்சது மட்டுந்தானேடா? வெச்சிருந்தது கம்ப்யூட்டர்தானே?"

"அத ஜட்ஜுகிட்ட சொல்லுங்க."

அன்று முழுவதும் அவர் எதையும் படிக்கவில்லை. பாவம், டீ ஆறிப்போனது.

செவ்வாய்க்கிழமை சின்னன் அண்ணன் வந்தார். துண்டைப் போட்டார், காத்திருந்தார், உட்கார்ந்தார்.

"தம்பி, யாருங்க இது? என் படம் இருந்த எடத்துல தொப்பிக்காரர் ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"அவர் உங்க பாதுகாப்புக்குங்கண்ணா."

"அவரு இருக்கட்டும். என் கடுதாசியெல்லாம் எங்க வெச்சிருக்காரு?"

பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குத் தெரியாது. மாது அண்ணன் வந்து சின்னன் பெயரையும் நூற்று இருபத்து மூன்றையும் எல்லா விதமாகவும் சேர்த்துப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. மறந்துவிட்டது என்று அமுக்கினால் செத்துப்போன அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போனது.

"டேய் ரஞ்சித்து, பழையபடி ஆக்கிடேன்டா. அபராதம் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன்.

"முடியாதுங்கண்ணா. எல்லாம் அழிஞ்சு போச்சு."

இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். உண்மையில் எதுவும் அழிவதில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பதினோரு பேரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை சுமித்ராவே வந்தாள். லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் பேப்பர் பண்டல் வாங்கப் போயிருந்தார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்.

"செலக்ட் ஆகியிருந்தா போன் பண்ணியிருப்பாங்க இல்லீங்கண்ணா?"

"பண்ணியிருப்பாங்க" என்றேன். இது பொய் இல்லை. பண்ணியிருந்தார்கள்.

"அப்பா போனுக்கு ஒண்ணும் வரலையே."

"வரலைன்னா வரலதான்."

"அப்பவே நெனச்சேன். மாவட்டத்துக்கே ஒரு எடம். அது எனக்கா வரப்போவுது" என்று சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "பாத்தியாப்பா? இதுக்குப் போயி ரெண்டு நாளா சோறு திங்காம கெடந்த" என்றாள்.

அறக்கட்டளையின் போன் நம்பர் கிடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்காத தகவலைத் தானாக எடுத்துக் கொடுப்பது நான் நம்பும் கொள்கைக்கு விரோதம்.

போகும்போது, "ரொம்ப நன்றிங்கண்ணா, உங்களுக்குத்தான் தொந்தரவு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பெண்.

காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தது யார் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. என் தங்கை ஐஸ்வர்யா. அவளுடைய கடிதமும் அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது, எங்கள் வீட்டில், என் போனில். பஸ்ஸில் வரும்போது படித்தேன். ஆனால் இதையும் அதையும் முடிச்சுப் போடாதீர்கள். நான் அந்தரங்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியது போன வருஷமே. லேமினேஷனில் தேதி இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

பதினாறாம் தேதி ஐஸ்வர்யாவைக் கூப்பிட்டார்கள். வீட்டில் கேசரி. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது பலித்துவிட்டது என்றார். நான் மறுக்கவில்லை. இப்போது வெள்ளை உடுப்பில் போட்டோ அனுப்புகிறாள். "அண்ணா, இன்னிக்கு ஊசி போடக் கத்துக்கிட்டேன், மொதல்ல வாழப்பழத்துக்குப் போட்டோம்" என்று நேற்றுக்கூடப் பேசினாள். சந்தோஷமாக இருக்கிறாள். ஒருவர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்காமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் சொல்வதாக உட்கார்ந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும், அண்ணன் வருவதற்கு முன்னால், இரண்டாவது கம்ப்யூட்டரில் அந்த ஒரு சொல்லை எடுக்கிறேன். பதினோரு பேருடைய மெயிலும் திறக்கிறது. ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிறேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. பச்சியப்பன் மகன் வேலையை விட்டுவிட்டான், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மலையில் ஒரு வீட்டுக்குக் கடன் மறுக்கப்பட்டிருக்கிறது. யாரிடமும் நான் வாய் திறப்பதில்லை, அந்த வகையில் அண்ணனைப் போல இல்லை. பிறகு சொல்லை மறுபடி ஒட்டிவிடுகிறேன்.

போன வாரம் சின்னன் அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. சேர்ந்த பெண்களில் வேறு மாவட்டத்துப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், நின்றுவிட்டாள். ஓர் இடம் காலி. சுமித்ராவின் மதிப்பெண் நன்றாக இருந்ததால் மீண்டும் ஒரு வாய்ப்புத் தருகிறார்கள். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் வேண்டும்.

இப்போது யாருக்கும் யாரோடும் போட்டியில்லை. ஐஸ்வர்யாவின் இடம் ஐஸ்வர்யாவுக்கு. நான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "சின்னண்ணா, உங்க படம் திரும்பி வந்திருச்சு" என்று சொன்னால் போதும். என்ன, ஜூனில் அழிந்துபோனது ஜூலையில் எப்படி வந்தது என்று மாது அண்ணன் கேட்பார். அதோடு பழைய கடிதமும் தேதியோடு அங்கேயே இருக்கும்.

இன்று இருபத்தெட்டு. நாளை செவ்வாய்க்கிழமை, சின்னன் அண்ணன் வருவார். இன்னமும் வருகிறார். தொப்பிக்காரரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார்.

காலையில் அந்தக் கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தேன். படித்த மெயிலைப் படிக்காததாக மாற்றி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கி, எழுத்துகள் மறுபடி தடிமனாக ஆகிவிட்டனவா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினேன். அடுத்தவர் கடிதம் பாருங்கள், முதலில் அவர்தானே படிக்க வேண்டும்.