மஞ்சள் கோடு

போல்ட் முறுக்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா, ஆத்திரப்படாமல் இருந்தால் போதும். மண்ணைத் தட்டி, மரையைத் துடைத்து, முதலில் விரலால் திருப்ப வேண்டும். விரலுக்கு வராமல் முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிறகுதான் ஸ்பேனர். இரண்டு போல்ட் இருந்தால் இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. காடுமேடெல்லாம் குதித்து ஓடுகிற பைக், ஒவ்வொரு குதிப்பிலும் எதையாவது கழற்றப் பார்க்கும். பதினெட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. சரியாக முறுக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துப் பாகம்வரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆரம்பித்து வைத்தவன் நான்தான். வண்டி ஓட்டுகிறவர் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். ஓட்டுகிறவர் என் மாப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர்.

எனக்குக் கையில் பலம் ஜாஸ்தி. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு, எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கி மரையை நாசமாக்கிவிட்டேன். அன்றைய பயிற்சி பாழ். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் சிரித்தார்.

“யானைக்கை வந்தாச்சு, போல்ட்டையெல்லாம் ஒளிச்சு வைங்கப்பா.”

மறுநாள், அளவு வந்ததும் ‘டிக்’ என்று சத்தம் போடுகிற ரெஞ்ச் ஒன்றை வாங்கி, ரிப்பன் கட்டி, எல்லார் முன்னாலும் என் கையில் கொடுத்தார். “சத்தம் கேட்டா நிறுத்திடுங்க மச்சான். அவ்ளோதான் வேலை.” ஷெட்டே சிரித்தது. தங்கச்சியும் சிரித்தாள். சின்ன வயதில் அவள் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக் கொடுத்தவன் நான். மற்றவர்கள் சிரித்ததை அன்றைக்கே மறந்துவிட்டேன், அவள் சிரித்ததை மறக்க முடியவில்லை.

பந்தய நாள் காலை முன் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர், இரண்டே போல்ட்டில் நிற்பது. திரும்ப மாட்டும்போது மாப்பிள்ளை தலையை நீட்டி, “டிக்னு கேக்கலையே மச்சான்” என்று சிரித்துவிட்டு ஹெல்மெட் எடுக்கப் போனார். கேட்காதுதான். நான் இன்னும் விரலால்தான் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். உங்கள் ஸ்டேஷன் வாசல்வரை அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். மறக்கவில்லை ஐயா. ரெஞ்சைத் தொடாமலே பெயிண்டை எடுத்து இரண்டு கோடு இழுத்தேன், நேராக, அழகாக. மாப்பிள்ளை வந்து கோட்டைப் பார்த்தார், என் தோளைத் தட்டினார், ஏறி உட்கார்ந்தார்.

விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முதல் சுற்றிலேயே பிரேக் ஆட்டம் காட்டும், திரும்பி வருவார், எல்லார் முன்னாலும் “மச்சான், கொஞ்சம் முறுக்கிக் குடுங்க” என்று கேட்பார். அது போதும் எனக்கு.

அவர் திரும்பி வரவில்லை, என்னைத் தாண்டிப் போனார். ஓட்டுகிறவருக்குச் சேதி எழுதித் தூக்கிக் காட்டுகிற பலகை என் கையில் இருந்தது. ‘உள்ளே வா’ என்று எழுதித் தூக்கியிருந்தால் வந்திருப்பார். வந்தால் எதற்கு என்று கேட்பார்கள், என்னவென்று சொல்வது? ‘மூன்றாவது இடம்’ என்று எழுதித் தூக்கினேன். அடுத்த சுற்றில் ‘இரண்டாவது இடம்’ என்று தூக்கினேன். கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த சரிவில் போல்ட் இரண்டும் கழன்று, காலிப்பர் சக்கரத்துக்குள் சிக்கி, வண்டி தலைகுப்புறப் போனது.

முதலில் ஓடிப் போனவன் நான்தான். மூச்சு வாங்கிக்கொண்டே, சுற்றி நின்றவர்களிடம், “காலைல அவரே கழட்டிப் பாத்தாரு, நான் வேணாம்னு சொன்னேன்” என்றேன். வாய் தானாகச் சொன்னது. போன மாதம் உங்களிடமும் அதையே எழுதிக் கொடுத்தேன். உங்கள் மேசையில் இருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். முறியவில்லை, மரைகூடத் தேயவில்லை. யாரும் முறுக்கவே இல்லை.

அன்று காலை நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை. நான் சொன்னதைத்தான் நடந்தது என்று நம்புகிறார். நேற்று சக்கர நாற்காலி வந்தது, நான்தான் பூட்டினேன். ஒவ்வொரு போல்ட்டையும் அந்த ரெஞ்சால் முறுக்கி, சத்தம் கேட்டதும் நிறுத்தி, மஞ்சள் கோடு இழுத்தேன். அவர் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னார்: “மச்சான் கோடு போட்டா கண்ணை மூடிக்கிட்டு உக்காரலாம். நான்தான் அன்னைக்கு வேண்டாத வேலை பாத்து உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே, “அண்ணன் மட்டும் இல்லன்னா நாம என்ன ஆயிருப்போம்” என்றாள். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. எதையோ தேடுவதுபோல நாற்காலிக்கு அடியிலேயே குனிந்திருந்தேன்.

அதனால்தான் வந்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை ஐயா. பாவம், மாப்பிள்ளை தாங்க மாட்டார்.