தெசங்கா மூடிய ஜன்னல்

— தெசங்காக்கா, உங்க வீட்டுக்காரர் மேல ஆஸ்பத்திரிப் போர்வைக்கு அடியில இன்னொண்ணு இருக்கே, இது யாரு போட்டது?

— நான்தான் சிஸ்டர். ஆட்டுக்கம்பளி. வீட்ல இருந்து கொண்டாந்தேன்.

— கால்ல?

— கம்பளி சாக்ஸ். ரெண்டு ஜோடி.

— ரெண்டு ஜன்னலையும் மூடினதும் நீங்கதானா? காலையில திறந்து வச்சுட்டுப் போனேனே!

— பின்ன? அந்தக் காத்துதானே தாயி இவரை இப்படிப் படுக்கப் போட்டுது! பஸ்ல எதிரும் புதிருமா ரெண்டு ஜன்னலைத் தொறந்து போட்டு வச்சிருந்தானுங்க. நடுவுல இந்த மனுஷன். இறங்கி நாலு அடி வைக்கல, வாய் கோணிப்போச்சு, வலது கை விழுந்துபோச்சு.

— காத்து அடிச்சு பக்கவாதம் வராதுக்கா. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு.

— நீ படிச்சவ, சொல்லுவ. காத்து அடிச்சு எத்தனை பேர் விழுந்ததை நான் பாத்திருக்கேன்!

— சரி, இந்தத் தெர்மாமீட்டரைப் பாருங்க. எவ்வளவு?

— முப்பத்தெட்டு... புள்ளி எட்டு.

— நேத்து முப்பத்தேழு, சாதாரண சூடு. நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல், மருந்து ஓடுது. அதுக்கு மேல நீங்க கம்பளியைப் போட்டு அவிச்சு எடுக்கறீங்க.

— காய்ச்சக்காரனைப் போத்தாம வேற என்ன பண்ணுவாங்க?

— கேளுங்க. அடைச்ச இடத்துல மூளை கொஞ்சம் செத்துப்போச்சு, அது திரும்பாது. ஆனா அதைச் சுத்தி ஒரு ஓரம், ரத்தம் பத்தாம அரைப்பட்டினியாக் கிடக்கு. பிழைச்சாலும் பிழைக்கும், போனாலும் போகும். உடம்பு சூடேறினா அதுக்குப் பசி இன்னும் கூடும். சாப்பாடோ வரல.

— அந்த ஓரத்துல என்ன இருக்கு?

— அவரோட பேச்சு இருக்கலாம்.

— ஐயோ கடவுளே! ரெண்டு நாளா ஒரு வார்த்தை இல்லியேன்னு அழுதுட்டு, நானே அதைக் கருக்கிட்டிருந்தேனா?

— பயத்துல பண்ணினீங்க. எங்க வீட்லயும் எங்கம்மா ஜன்னலைத் தொடவே விடமாட்டாங்க. கம்பளியை இந்தப் பக்கம் பிடிங்க.

— கம்பளியை எடுத்துக்கோ. ஜன்னல் மட்டும் வேண்டாம்டி தாயி. இவருக்குக் காத்தே ஆகாது. கல்யாணமாகி நாப்பத்தொரு வருஷம், எங்க வீட்ல ரெண்டு ஜன்னல் ஒண்ணாத் தொறந்ததே கிடையாது.

— ஆகாதுன்னு அவரு சொன்னாரா?

— சொல்லணுமா என்ன? நான் மூடுவேன். அவரு பேசாம தூண்டிலைத் தூக்கிட்டு மொராவா ஆத்தங்கரைக்குப் போயிடுவாரு. ஒரு நாளும் ஒரு மீன் வீடு வந்து சேந்ததில்ல.

— சரி, ஒரு ஜன்னல் மட்டும். உங்க கையாலயே திறங்க.

— ஒண்ணே ஒண்ணுதான்!

— வந்துட்டேன்க்கா. நான் போய் மூணு மணி நேரமாச்சே, நெத்தியில ஈரத்துணி மாத்தச் சொன்னேனே, மாத்தினீங்களா?

— மாத்திட்டே இருக்கேன். எவ்வளவு காட்டுது? சீக்கிரம் சொல்லுடி!

— முப்பத்தேழு புள்ளி நாலு! இறங்கிடுச்சுக்கா!

— சிஸ்டர், இங்க பாரு, உதடு அசையுது! ஷிவோயின்! என்னய்யா? தண்ணி வேணுமா?

— ஜ... ஜன்...

— ஜன்னலா? பேசிட்டாரு சிஸ்டர், பேசிட்டாரு! குளிருதாய்யா? நான் அப்பவே சொன்னேன்ல! இதோ மூடிடறேன் என் ராசா.

— வேண்டாம்... அந்த... இன்னொண்ணையும்... தொற.