புது சைலன்சர், பழைய ஜெட்

சைலன்சர் மேல் தப்பில்லை, சார். அந்தக் கடைக்காரனைக் கூப்பிட்டு மிரட்ட வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரன். அது நல்ல சரக்கு. வெல்டிங்கைத் தடவிப் பார்த்தாலே தெரியும். தம்பி பிறந்தநாளுக்கென்று நானே கடைகடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தது.

சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்கும் குழாய் என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே விடும் வழி மாறினால் உள்ளே இழுக்கும் மூச்சும் மாறிவிடும். கம்பெனிக் குழாயைக் கழற்றிவிட்டு ரேஸ் குழாய் மாட்டினால் புகை தடையில்லாமல் போகும், காற்று கூடுதலாக உள்ளே வரும். அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டருக்குள் பித்தளையில் ஊசித் துளை போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கும், ஜெட் என்போம். அதைக் கழற்றிப் பெரிய துளையுள்ளதாக மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் வண்டி ஓடாதா என்றால், ஓடும். கொஞ்ச நேரம் முன்னைவிட ஜோராகவே இழுக்கும். உள்ளே சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும். தம்பியுடையது பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதை முழு வேகத்தில் நீளமாக விரட்டினால் பிஸ்டன் உப்பி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் சடாரென்று நின்றுவிடும்.

அந்த நொடியில் கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் விடுபடும், ஆள் தப்பித்துக்கொள்வான். இது தெரிந்தவன் என்பதால் தம்பி எப்போதும் இரண்டு விரலைக் கிளட்ச் லீவர் மேல் போட்டேதான் ஓட்டுவான். தூங்கும்போதுகூட விரல் அப்படியே மடங்கிக் கிடக்கிறது என்று அவன் மனைவி கேலி செய்வாள். நல்ல பெண், சார். அவளை இங்கே கூப்பிட்டு அலைக்கழிக்காதீர்கள்.

எனக்கும் அவனுக்கும் சண்டையா என்று கேட்டீர்கள். சண்டையெல்லாம் கிடையாது. ஒரே பட்டறை, மேலே ஒரே வீடு, ஒரே அடுப்பு. வாடிக்கையாளர்களுக்கு நான் பெரியவர், அவன் சின்னவர். டியூனிங் மட்டும் என் கை. இன்ஜினை முறுக்கி விட்டு, கண்ணை மூடிக் கேட்டு, ஸ்க்ரூவைத் திருப்புவேன். என் காதுக்கென்றே வெளியூரிலிருந்து வண்டி வரும். ரேஸ் குழாய்களுக்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டு வாழ்ந்தவன் நான்.

போன மாதம் பால் வண்டிக்காரர் வந்தார். வேலை முடிந்து சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இருக்கட்டும் பெரியவரே. சின்னவரும் ஒரு தடவ பாத்துடட்டும். எப்பவும் அவர் பாத்த பிறகுதானே எடுத்துட்டுப் போறேன்."

எப்பவும் என்றார். அவர் அதை மறைக்கவேண்டிய விஷயமாகக்கூட நினைக்கவில்லை. பக்கத்து பஞ்சர் கடைக்காரர் கேட்டும் கேட்காததுபோல ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தம்பியைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உன் காது கொஞ்சம் அடி வாங்கிடுச்சுண்ணா. கீச்சுனு வர்ற மேல்சத்தம் உனக்குக் கேக்கறதில்ல. ஜெட்ட மட்டும் மாத்தி வெப்பேன். நீ மனசு ஒடஞ்சு போயிடுவியேன்னுதான் சொல்லல."

"எவ்வளவு நாளா?"

"விடுண்ணா. இனிமே நீ தொட்ட வண்டில நான் கை வெக்க மாட்டேன். சத்தியம்."

பாருங்கள், அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பட்டறையைப் பிரித்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவன் என்மேல் இரக்கப்பட்டான். அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டில் பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்தான். நான் சாப்பிட்டேன்.

அவன் வாக்குத் தவறாதவன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வீம்புக்காரன். நிஜமாகவே அதற்குப் பிறகு என் வேலையை அவன் தொடவில்லை. ஒரு வண்டி திணறிக்கொண்டே வெளியே போனதை அவன் வாசலில் நின்று பார்த்ததை நான் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், உள்ளே வந்து கையைக் கழுவினான்.

அதனால்தான் பிறந்தநாளுக்கு அந்தக் குழாய் வாங்கினேன். நானே மாட்டினேன். ஜெட்டை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்கள் ஆள் எழுதிக்கொண்டிருக்கிறார், அதை அடித்துவிடச் சொல்லுங்கள். பெரிய ஜெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன், மறுபடி டப்பாவில் போட்டு மூடினேன். அவன் வாக்கை மீறுகிறானா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ரகசியமாக ஜெட்டை மாற்றுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம், பிறகு இரண்டு பேரும் சமம். இதில் என்ன பெரிய தப்பு இருக்கிறது?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தான். முறுக்கினான். தலையைச் சாய்த்தான்.

"அண்ணா, கொஞ்சம் காஞ்ச சத்தமா கேக்கலையா?"

"யாருக்குடா காது போச்சு?" என்றேன்.

என் முகத்தையே பார்த்தான். பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும், பெட்ரோல் போதவில்லை என்று வெள்ளையாகக் காட்டிக்கொடுத்திருக்கும். ஸ்பானர் அவன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் சிரித்தான்.

"சரிண்ணா. நீ சொன்னா சரி."

மாடிப்படியில் நின்று அவன் மனைவி, "மெதுவாப் போங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பாத்துக் குடுத்த வண்டின்னா எனக்கு பயமில்ல மாமா" என்றாள். நான் தம்பியிடம், "குழாய் செட்டாகணும், நேர் ரோட்டுல முழுசா முறுக்கிப் போ, ஆக்சிலேட்டரை விட்டுடாதே" என்று சொன்னேன். அப்படிச் சொன்னது உண்மைதான்.

அவன் கிளம்பிப் போனான். நான் கைத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். தூரத்துச் சத்தமெல்லாம் எனக்குக் கேட்பதில்லை. படியில் நின்றிருந்தவளுக்குத்தான் கேட்டது.

"மாமா, சத்தம் ஏன் பட்டுனு நின்னுடுச்சு?"

மற்றதை நீங்கள்தான் போய்ப் பார்த்தீர்கள். ஹெல்மெட் போட்டிருந்தும் பிரயோஜனமில்லை, பின்னாலேயே லாரி வந்தது என்றீர்கள். லாரி டிரைவரை விட்டுவிடுங்கள், பாவம்.

நான் தம்பியைக் கொல்ல நினைக்கவில்லை. என் மடியில் வளர்ந்தவன். இன்ஜின் ஒன்று பாழாகும், அவன் என்னிடம் வந்து நிற்பான், நான் சரிசெய்து கொடுப்பேன் என்று நினைத்தேன். அதைத்தான் நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை கேட்டீர்கள், கைப்பிடியைப் பற்றி மட்டும் நீங்கள் கேட்கவேயில்லை. குழாயோடு சேர்த்து ஒரு புதுக் கிளட்ச் லீவரும் வாங்கி மாட்டியிருந்தேன். பெரிய கைக்காரர்களுக்கானது, பிடியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும். தம்பிக்கு அம்மாவின் கை, குட்டை விரல்கள். வண்டியில் உட்கார்ந்ததும் இரண்டு விரலை நீட்டிப் பார்த்தான்.

"எட்டலியேண்ணா."

"ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றேன். பழகுகிற அளவுக்கு அவன் ஓட்டப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், சார்.