பதினேழாம் நாள் காலை

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, மேடையிலுள்ள ஆசிரியப் பெருமக்களே, செஞ்சிக் கடைவீதிப் பெரியவர்களே, மாணவ மாணவியரே!

மறைந்த நம் விடுதிக் காப்பாளர் பேராசிரியர் ராஜாங்கம் அவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கை நடுங்குகிறது. துக்கம் மட்டும் அல்ல, பயம். இனி நம் விடுதிக்கு ஒரு சாவுத் தந்தி வந்தால் அதைப் பிரிப்பவர் யார்?

பன்னிரண்டு ஆண்டுகள் அவர்தான் பிரித்தார். மாணவனைத் தனியே உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். பஸ்ஸில் கூடவே போனார். அதோடு விட்டாரா? பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அதே வீட்டு வாசலில் மறுபடியும் போய் நின்றார்! அப்படி ஊருக்குப் போன பிள்ளைகள் பலர் படிப்புக்குத் திரும்புவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன், அவர் ஊரில் இல்லாமல் விடுதிப் பொறுப்பு ஆசிரியையான என்னிடம் இருந்த நாளில், மேல்மலையனூர் மாணவன் பாலசுப்பிரமணியனுக்குத் தந்தி வந்தது. தாயார் இறந்துவிட்டார். சொல்ல எனக்குத் துணிவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், போய்ப் பார்த்துட்டு வாப்பா" என்றேன். அன்று அமாவாசை. அவன் ஊர்க் கோயிலுக்குப் போகும் பஸ் கூட்டத்தில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தவன், வாசலில் பந்தலைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டான்.

பதினேழாம் நாள் ராஜாங்கம் அவர்களின் பின்னால் நானும் அந்த வாசலில் நின்றேன். பையன் என்னைப் பார்க்கவில்லை. "அந்தம்மா ஏன் சார் என்னாண்ட பொய் சொன்னாங்க? நான் அம்மாவுக்கு ஆரஞ்சிப் பழம் வாங்கினு வந்தேன் சார்."

அவன் தகப்பனார் கேட்டார்: "இன்னா வாத்தியாரே, செத்த வூட்டுக்கு நோட்டுப் புஸ்தகம் எடுத்தாந்திருக்கிற?"

தோழர்கள் எழுதிக் கொடுத்த பாடக் குறிப்புகள் அவை. "இப்பவே படிக்கறதுக்கு இல்லீங்க. அவன் எடத்துல வேற யாரும் உக்காரலைன்னு காட்டறதுக்கு" என்றார் அவர்.

திரும்பும்போது என்னிடம் கோபமில்லாமல் சொன்னார்: "நீங்க அவனுக்காகப் பொய் சொல்லலைம்மா. உங்க பயத்துக்காகச் சொன்னீங்க."

பாலசுப்பிரமணியன் மறுவாரம் வந்தான். இன்று இந்த அவையில் இருக்கிறான்.

போன திங்கட்கிழமை காலை மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அவருடைய ஒரே மகள் சாரதா, தாயில்லாப் பெண், பாண்டிச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். "சீரியஸ்னு ஒரு தந்தி அடிங்க, புள்ள தானா வந்துடும்" என்றார்கள். நான் பஸ் ஏறினேன். கோட்டை மலை கண்ணுக்கு மறைந்தபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

என்னைக் கண்டதுமே அவள் கேட்டாள்: "நைனாவா, டீச்சர்?"

"ஆமாம்மா. நைனா போயிட்டார்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. என் கையைப் பிடித்தவள் செஞ்சி வரும்வரை விடவில்லை.

அன்று மாலை அவளுடைய பெரியப்பா தேவநாதன் அவர்கள், "படிச்சது போதும் டீச்சரம்மா. அப்பன் ஆத்தா இல்லாத பொண்ணை அவ்ளோ தூரத்துல வுட்டுட்டு நான் எப்பிடித் தூங்கறது?" என்றார்.

ஐயா, முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்காக அவள் படிப்பை நிறுத்தலாமா? அவள் தோழிகள் எழுதிய குறிப்புகள் நேற்றே தபாலில் வந்துவிட்டன. பதினேழாம் நாள், புதன்கிழமை காலை, அவற்றோடு உங்கள் வாசலில் நிற்பேன். திட்டினாலும் நிற்பேன். சாரதா, அன்றைக்கு உனக்கு மனம் வரவில்லை என்றால் சும்மா உன்னோடு உட்கார்ந்திருப்பேன். மறுவாரம் மறுபடியும் வருவேன்.

பயம் போய்விட்டதா? இல்லை. ராஜாங்கம் அவர்களும் ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நிற்பார். அவர் கை நடுங்கும். பின்னால் நின்ற நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கையால்தான் அவர் கதவைத் தட்டினார்.

நானும் தட்டுவேன்.